சுமாரான பொடி

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

பார்சலைப் பிரித்ததும் பாட்டிலைத்தான் முதலில் எடுத்திருப்பீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூக்கைச் சுளித்து, அதற்கப்புறம்தான் இந்தக் கடிதத்துக்கு வந்திருப்பீர்கள். பரவாயில்லை, எனக்குப் பழகிவிட்டது.

ஏன் கடிதம் என்று உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள். போன வாரம் போனில் ஒரே போடாகப் போட்டான்: "சிட்டு, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரன் வேலை பார்த்தது போதும். நீ சொன்னத அவகிட்ட சொன்னா அவ மூஞ்சிய தூக்கி வச்சுக்கிறா. அவ சொன்னத உன்கிட்ட சொன்னா நீ போனை வச்சிடுற. இனிமே எதுவா இருந்தாலும் பார்சல்ல எழுதிப் போட்டுக்குங்க, என்னை விட்டுடுங்க." விட்டாயிற்று.

போன தடவை அனுப்பிய பொடியைப் பார்த்து "சுமார்" என்றீர்களாம். அதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் எங்கள் குடும்பத்துக்கு வருவதற்கு முன்னால், கல்லூரி ஆய்வகத்தில் ஒரே மேசையில் அவனும் நானும் உட்கார்ந்து செய்த பொடி அது. உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்வேன், சொல்ல எனக்குப் பிடிக்கும். உலோக முடிச்சுகளை லிங்கர் என்ற கரிம அமிலத்தால் கோத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டகம் கிடைக்கும், உள்ளே முழுக்கத் துளைகள். காற்றில் துளி அம்மோனியா கசிந்தாலும் அந்தத் துளைக்குள் போய் உட்காரும், உட்கார்ந்ததும் அடியில் இருக்கும் சிப்பின் மின்னளவு மாறும். முதல் தடவை அது மாறியபோது அண்ணன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இப்போது அவன் எதற்கெடுத்தாலும் "நாங்க" என்கிறான். நாங்க ஒர்க்‌ஷாப்பை மாத்தினோம், நாங்க சென்சாருக்குப் புதுப் பெட்டி போட்டோம். முன்பெல்லாம் அவன் "நாங்க" என்றால் அதில் நான் இருப்பேன்.

அரைப் பாட்டில்தான் இருக்கிறது. இங்கே எங்கள் ஆய்வகத்தில் தண்ணீர் சோதிக்கிற வேலை முடிந்த பிறகுதான் மேடம் எனக்கு ஓவனைத் தருகிறார். சிந்தாமல் பயன்படுத்துங்கள்.

நாத்தனார்


பிப்ரவரி 17

சிட்டுவுக்கு,

பாட்டில் உடையாமல் வந்தது. மூக்கைச் சுளிக்கவில்லை. நான் சுளித்ததாக நீ முடிவு செய்துவிட்டதால் இனி சுளிக்காமல் இருப்பதில் எனக்கு லாபம் ஒன்றும் இல்லை.

"சுமார்" என்று சொன்னது உண்மை. ஏன் சொன்னேன் என்பதை உன் அண்ணன் சொல்லியிருக்க மாட்டார். உன் பொடியில் ஒரு மணி பெரிது, ஒரு மணி சிறிது. சிப்பில் பூசினால் ஒரு பக்கம் திட்டாக நிற்கிறது, இன்னொரு பக்கம் காய்ந்ததும் உதிர்கிறது. எக்ஸ்ரே வரைபடம் எடுத்துப் பார்த்தால், படிகம் ஒழுங்காக இருந்தால் கூராக எழும்ப வேண்டிய கோடுகள் மொத்தையாக இருக்கின்றன. பூசுவது நான். பூச்சு உதிர்ந்தால் என் கை சரியில்லை என்றுதானே ஆகும்?

அடுத்த மாதம் மீன் குளிர்கிடங்கில் சோதனை வைத்திருக்கிறார்கள். கிடங்கைக் குளிர வைப்பதே அம்மோனியாதான். கசிந்தால் இன்றைக்கு வரை அங்கே மூக்குதான் அலாரம், அந்த மூக்குகளும் பழகிப் போய்விட்டன. நம் சென்சார் பெட்டி சரியாக மணி அடித்தால் அவர்களுடைய எல்லாக் கிடங்குகளுக்கும் நம்மிடமே வாங்குவார்கள். அடிக்காவிட்டால் இரண்டு அறை ஒர்க்‌ஷாப்பை ஒரு அறையாக்க வேண்டியதுதான்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீ எழுதித் தந்த செய்முறைப்படி நானே இங்கே பொடி செய்து பார்த்தேன். ஒரு வரி பிசகவில்லை. பார்க்க உன்னுடையதைவிட அழகாக வந்தது. ஆனால் அம்மோனியாவைக் காட்டினால் எருமை மாதிரி அசையாமல் இருக்கிறது. எதையாவது எழுத விட்டுவிட்டாயா? யோசித்துப் பார்.

உன் அண்ணனிடம் கேட்டால் ஒரே பதில்தான்: "சிட்டு கை பட்டாத்தான் வரும்." காலையில் பல் தேய்க்கும்போது சிட்டு, சாப்பிடும்போது சிட்டு, சாலிடரிங் வைக்கும்போது சிட்டு. உங்கள் ஆய்வக மேசையில் நான் இருக்கவில்லை என்று எழுதியிருந்தாய். இருக்க வேண்டிய தேவையே இல்லை, இங்கே எங்கள் மேசையில் எந்நேரமும் நீதான் இருக்கிறாய்.

சோதனைக்கு ஒரு முழுப் பாட்டில் வேண்டும். ஒரே சீராக, சுத்தமாக.

அண்ணி


மார்ச் 2

அண்ணிக்கு,

"எதையாவது எழுத விட்டுவிட்டாயா?" நான்கைந்து தடவை படித்தேன். "சிட்டு, நீ ஒளிச்சு வச்சிருக்கே" என்று நேரடியாகவே எழுதியிருக்கலாம், மையாவது மிச்சமாகியிருக்கும். அப்புறம், சிட்டு என்பது அண்ணன் கூப்பிடுகிற பெயர். ஊரில் வேறு யாருக்கும் நான் அந்த உரிமையைக் கொடுத்ததில்லை. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரியாமல் நீங்களே பொடி செய்து பார்த்தீர்கள் என்று தெரிந்ததும் காதில் புகை வந்தது. செய்ய வரவில்லை என்று படித்ததும் அடங்கிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சீராக, சுத்தமாக வேண்டும் என்றீர்கள். இதோ.

ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோது மேடத்திடம் சாவி வாங்கிக்கொண்டு போனேன். லிங்கரைத் தாராளமாகப் போட்டேன். ஓவன் சூட்டை வழக்கத்தைவிட ஏற்றினேன். விதித்த நேரம் முழுவதும் உள்ளே வைத்து, தானாக ஆறும்வரை கதவைத் தொடவே இல்லை. வடிகட்டிக் கழுவினேன், மறுபடி கழுவினேன், திருப்தியில்லாமல் இன்னொரு தடவையும் கழுவினேன். சின்னப் பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி காய வைத்தேன். பக்கத்துப் பிரிவில் எக்ஸ்ரே பார்க்கிறவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இத புத்தகத்துல போடலாம் போல இருக்கே!" என்றார். நகலைப் பார்சலில் வைத்திருக்கிறேன். கோடுகளின் கூர்மையைப் பாருங்கள். விரல் வெட்டுப்படப் போகிறது, ஜாக்கிரதை.

இவ்வளவு நல்ல பொடியை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. அண்ணனுக்காகக்கூட இவ்வளவு மெனக்கெட்டதில்லை. உங்கள் வாயிலிருந்து அந்தச் "சுமார்" என்ற சொல் இனி வரக்கூடாது என்பதற்காகச் செய்தேன். இதில் ஒரு குறை கண்டுபிடியுங்கள், பார்ப்போம்.

நாத்தனார்


மார்ச் 15

நேற்று சோதனை நடந்தது.

கம்ப்ரசர் அறையில் வேண்டுமென்றே ஒரு வால்வை லேசாகத் திறந்தார்கள். கிடங்கு மேலாளர், அவருடைய ஆட்கள், நாங்கள் இரண்டு பேர், எல்லோரும் கதவோரம் நின்றோம். முதலில் மூக்கு எரிந்தது, அப்புறம் கண்ணில் நீர் வந்தது. மேலாளர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எங்கள் பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. "எங்களுக்கே கண்ணு கலங்குது, உங்க மிஷினு மட்டும் கல்லு மாதிரி இருக்கே சார்?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். உன் அண்ணன் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். அவர் ஒரு சாதனத்தைத் தட்டிப் பார்த்து நான் இதுவரை பார்த்ததில்லை.

முந்தின நாளே பொடியைப் பரிசோதித்துவிடலாம் என்றேன். "சிட்டு பொடியயா டெஸ்ட் பண்ணப் போற?" என்று சிரித்தார். மின்னளவு எவ்வளவு மாறினால் மணி அடிக்க வேண்டும் என்று உன் பழைய அரைப் பாட்டிலை வைத்து நான் குறித்திருந்த அளவுகளையே பெட்டியில் வைத்து, புதுப் பொடியைப் பூசிக் கிளம்பினோம். அந்த அரைப் பாட்டில் அளவுகளைக் குறிப்பதற்கே தீர்ந்துவிட்டிருந்தது.

அந்த எக்ஸ்ரே வரைபடத்தை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். இவ்வளவு தெரிந்த நீ, இவ்வளவு கழுவத் தெரிந்த நீ, வேலை செய்யாத பொடியை எனக்கு அனுப்பியிருக்கிறாய். நான் செய்த பொடியும் இதே மாதிரிதான் அசையாமல் இருந்தது. எனக்குச் செய்யத் தெரியவில்லை, சரி. உனக்குமா தெரியவில்லை?

உன் அண்ணன் உன்னைச் சந்தேகப்பட மாட்டார். அதனால் அந்த வேலையையும் நான்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

கையில் காலில் விழுந்து இன்னொரு வாய்ப்பு வாங்கியிருக்கிறோம். ஏப்ரல் கடைசியில்.

அண்ணி


மார்ச் 21

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் தண்ணீர் மாதிரிகளுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு எல்லாவற்றிலும் ஒரே எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். மேடம் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

பொறாமை இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன், வேண்டுமானால் முத்திரை குத்தியே தருகிறேன். நீங்கள் அண்ணன் பக்கத்தில் நிற்கிற ஒவ்வொரு போட்டோவையும் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அவன் சட்டைக் காலரை நீங்கள் சரி செய்திருப்பது தெரிந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஆனால் பொடியில் நான் விளையாட மாட்டேன். அது என்னுடையது. அதைக் கெடுத்து உங்களைத் தோற்கடித்தால் எனக்கென்ன மிஞ்சும்?

நான் செய்ததிலேயே சிறந்ததை அனுப்பினேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திருடியாக்கிவிட்டீர்கள்.

அண்ணன் எழுதவில்லை. போனும் செய்யவில்லை. அவனும் அப்படித்தான் நினைக்கிறானா? நினைக்கிறான் என்றால் சொல்லிவிடுங்கள். நினைக்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். இதற்காகவாவது எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

இனி பொடி அனுப்பமாட்டேன்.


ஏப்ரல் 3

சிட்டுவுக்கு (இந்தப் பெயரை நான் விடப் போவதில்லை, திட்டுவதானால் திட்டு),

உன் அண்ணன் அப்படி நினைக்கவில்லை. அவமானத்தில் யாரிடமும் பேசாமல் இருக்கிறார், என்னிடமும்தான். அதை முதலில் சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒரு வரி என்னை விடவில்லை: செய்ததிலேயே சிறந்தது. நீ பொய் சொன்னால் இன்னும் நன்றாகச் சொல்லுவாய் என்று தோன்றியது. அதனால் அரைப் பாட்டிலைத் தேடி எடுத்தேன். அடியிலும் கழுத்திலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சுமாரான பொடியைச் சுரண்டி ஒரு சிப்பில் பூசினேன். உன் புத்தகப் பொடியை இன்னொன்றில். நான் செய்ததை மூன்றாவதில். மூன்றையும் ஒரே கூண்டுக்குள் வைத்து அம்மோனியாவை விட்டேன்.

சுமாரான பொடி துள்ளிக் குதித்தது. மற்ற இரண்டும் லேசாக அசைந்ததோடு சரி.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன், பழைய கட்டுரைகளையும் புரட்டினேன். ஒவ்வொரு உலோக முடிச்சுக்கும் பல கைகள். ஒழுங்காகச் செய்தால் எல்லாக் கைகளும் லிங்கரைப் பிடித்துக்கொள்கின்றன. சட்டகம் அழகாக நிற்கும், ஆனால் அம்மோனியா வந்தால் பிடிக்கக் கை இருக்காது, வந்த வழியே போய்விடும். உன் பழைய பொடியில் பாதி லிங்கர் விட்டுப் போயிருக்கிறது. காலியாக நிற்கும் கைகள்தான் அம்மோனியாவைப் பிடித்துக்கொள்கின்றன. நான் குறை என்று எதைச் சொன்னேனோ, மணி அடித்ததெல்லாம் அந்தக் குறையால்தான். சீராக வேண்டும், சுத்தமாக வேண்டும் என்று கேட்டு அதைக் கெடுத்தது நான்.

உன்னைச் சொன்னது தப்பு. எழுதும்போதே தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். உன் பொடி குதித்ததைப் பார்த்ததும் எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை. "மறுபடியும் இவளா!" என்றுதான் வந்தது. சந்தோஷம் அப்புறம் மெதுவாக வந்தது.

அந்தப் பழைய பொடியை மறுபடி செய்து அனுப்பு. அதை உதிராமல் பூச ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். அளவு மட்டும் தெரிந்தாக வேண்டும்: லிங்கர் எவ்வளவு குறைத்தாய், எப்போது ஓவனிலிருந்து எடுத்தாய்?

அண்ணி


ஏப்ரல் 11

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதையும் ஒளிக்கவில்லை அண்ணி, எனக்கே தெரியாது!

கல்லூரி ஸ்டோரில் இருந்தவர் லிங்கரைச் சொந்த நகை மாதிரி பூட்டி வைத்திருப்பார். கேட்டதில் பாதி கொடுத்தால் பெரிது. வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்து நின்றால் ஓவனில் எது இருந்தாலும் எடுத்துவிட வேண்டியதுதான். இங்கே வந்த பிறகும் வேலை முடிந்து மிஞ்சிய நேரத்தில் அதே அரைகுறைதான். செய்முறையை எழுதும்போது மட்டும், செய்ததை எழுதாமல் செய்திருக்க வேண்டியதை எழுதிவிட்டேன். பரீட்சையில் எழுதுகிற மாதிரி. அரைகுறையாகச் செய்தேன் என்று உங்களுக்கு எழுதித் தர எனக்கென்ன தலையெழுத்தா?

பொடி அனுப்ப முடியாது. பிடிவாதத்தால் சொல்லவில்லை. ஓவன் எரிந்து பழுதுபார்க்கப் போயிருக்கிறது. எப்போது வரும் என்று மேடத்துக்கே தெரியவில்லை. உங்கள் சோதனைக்குள் நிச்சயம் வராது.

ஆகவே நீங்கள்தான் செய்ய வேண்டும். அதற்கு நான் உண்மையான செய்முறையை எழுதித் தர வேண்டும். தந்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு? கறிவேப்பிலை மாதிரி எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். இத்தனை நாள் அண்ணன் எனக்குப் போன் செய்தானென்றால் பொடி கேட்கத்தான். "எப்ப அனுப்புவ?" என்று ஆரம்பித்து அப்புறம்தான் "சாப்பிட்டியா?" என்பான். பொடி வேண்டாம் என்றான பிறகு "சாப்பிட்டியா?" மட்டும் கேட்கப் போன் செய்வானா? எனக்கு நம்பிக்கையில்லை. இதை யோசித்து யோசித்து, எழுதிய தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன்.

மறுபடியும் அவன் அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்க்கக்கூடாது. அதனால் தாளைப் பின்னால் இணைத்திருக்கிறேன். லிங்கர் எவ்வளவு, சூடு எவ்வளவு, வாட்ச்மேன் வரும்வரை ஓவனில் இருந்த நேரம் எவ்வளவு, எல்லாம் ஞாபகம் இருக்கிற வரைக்கும். கையில் எடுத்தால் லேசாக மஞ்சள் அடிக்க வேண்டும். அழகாக வந்தால் கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 28

சிட்டுவுக்கு,

மணி அடித்தது.

வால்வைத் திறந்து யாருக்கும் மூக்கு எரிவதற்கு முன்பே அடித்தது. மேலாளர் நம்பாமல் மூடச் சொன்னார், நின்றது. திறக்கச் சொன்னார், அடித்தது. குழந்தை கையில் காலிங்பெல் கிடைத்த மாதிரி திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தார். எல்லாக் கிடங்குகளுக்கும் நம் பெட்டிதான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

உன் தாளை வைத்து நான் செய்த பொடி அது. முதல் இரண்டு தடவையும் அழகாக வந்துவிட்டது, நீ சொன்னபடி கொட்டினேன். அரைகுறையாகச் செய்ய எனக்குக் கை வரவே இல்லை. ஓவன் கதவைப் பாதியில் திறக்கும்போது பாவம் செய்கிற மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை மஞ்சள் அடித்தது. இது எதுவும் உன் அண்ணனுக்குத் தெரியாது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் அலைந்துகொண்டிருந்தார். பார்சல் வந்தது தெரியும், உள்ளே தாள்தான் இருந்தது என்று தெரியாது.

மணி அடித்ததும் மேலாளரின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? "என் தங்கச்சி பொடி சார்! அவ கை பட்டா அவ்வளவுதான்!" கிடங்கு முழுக்கச் சொன்னார். ஐஸ் உடைக்கிறவரிடம் சொன்னார். லாரி ஓட்டுகிறவரிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், விரலிடுக்கில் அந்த மஞ்சள் இன்னும் போகவில்லை.

சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அது உன் பெயரைச் சொல்லும்போது வந்த சிரிப்பு. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. வயிறு மட்டும் எரிந்தது, இதை எழுதும்போதும் எரிகிறது.

ஆர்டர் அலைச்சல் ஓய்ந்ததும் அவர் உனக்குப் போன் செய்வார். நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அண்ணி


மே 5

அண்ணிக்கு,

அவன் போன் செய்தான். நான் "ஹலோ" சொல்வதற்குள் "சிட்டு, உன் பொடி கலக்கிடுச்சு!" என்று கத்தினான். உங்கள் கடிதம் அதற்கு முந்தின நாளே வந்துவிட்டது. எனக்கு எல்லாம் தெரியும். அப்படியிருந்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பின்ன என்ன நெனச்சே?" என்றேன். அவன் கல்லூரி நாட்களில் சிரிக்கிற மாதிரி சிரித்தான், நானும் சேர்ந்து சிரித்தேன். எவ்வளவோ நாளைக்கப்புறம் "நாம" என்றான். அந்த ஒரு சொல்லை இழக்க எனக்குத் தைரியம் வரவில்லை. போனை வைத்த பிறகு தட்டில் போட்ட சோறு காய்ந்துபோகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் எனக்காக வாயை மூடிக்கொண்டீர்கள். நான் எனக்காக வாயைத் திறந்தேன்.

மறுபடி போன் செய்து சொல்லலாம் என்றால், அவன் குரலைக் கேட்டதும் மறுபடியும் பொய்தான் வரும். என்னை எனக்குத் தெரியும். அதனால் இந்தத் தடவை உறைமேல் உங்கள் பெயரை எழுதவில்லை, அண்ணன் பெயரை எழுதியிருக்கிறேன். இதை இப்போது முதலில் படித்துக்கொண்டிருப்பது அவன்தான்.

அண்ணா, மணி அடித்தது என் பொடியால் இல்லை. அண்ணி செய்தது. உள்ளே போய் அவர்கள் விரலைப் பிடித்துப் பார், மஞ்சள் மிச்சம் இருக்கலாம். தங்கச்சி, தங்கச்சி என்று கிடங்கு முழுக்கச் சொன்னாயே, அதே சத்தத்தில் இதையும் போய்ச் சொல்லு. அண்ணி முகத்தைப் பார்த்துச் சொல்லு. அப்புறம் எனக்குப் போன் செய், பொடியைப் பற்றி எதுவும் பேசாமல், சாப்பிட்டாயா என்று மட்டும் கேள். அண்ணியை மட்டும் என் காதுபடப் புகழாதே. அவ்வளவு பெரிய மனசு எனக்கு இன்னும் வரவில்லை.

சிட்டு